பலாமரத்துல கட்டின ஆட்டுக்கால்

ஒரு மலையடிவாரத்துல ஒரு ஊரு. அந்த ஊருக்கு மலை மேலயிருந்து வாக்கப்பட்டு வந்தவ வெள்ளச்சி. 'ம்' கொட்டு சாமி, அப்பத்தான் சொல்லுவேன்.

அவ மாமியாளுக்கு முட்டிவலி. வெள்ளச்சி பொறந்த வீட்டுக்குப் போயி, முடவாட்டுக்கால் கிழங்கு ஒரு கூடை கொண்டாந்தா, சாறு காய்ச்சிக் குடுக்க. மலையில மரத்துலயும் பாறையிலயும் ஒட்டிக்கிட்டு வளரும் அது. மேலெல்லாம் பழுப்பு முடி. பாத்தா அசல் ஆட்டுக்காலு!

அன்னைக்குன்னு பாத்து ஊர்த்தலைவர் மாரப்பனோட கெடாயைக் காணோம். அவரும் ஊர்க்காரங்களும் தடதடதடன்னு வெள்ளச்சி வீட்டுக்கு வந்துட்டாங்க.

"கூடையில என்னடி காலு?"ன்னாரு மாரப்பன்.

"கிழங்குங்க, மாமா!"

"கிழங்குக்கு முடி மொளைக்குமா? மலைக்காரி, யாரை ஏமாத்தற?"

அப்புறம் ஒருத்தன் தடவிப் பாத்தான். "முடி இருக்கு, ஆடுதான்." ஒருத்தன் மோந்து பாத்தான். "மண்ணு வாசம். பொதைச்சு வெச்சிருக்கா." இன்னொருத்தன் தூக்கிப் பாத்தான். "கனக்குது, நம்ம கெடாயேதான்."

"அறுத்துப் பாருங்களேன்!"ன்னு வெள்ளச்சி கத்தறா.

"சாட்சியில கத்தி வெக்கக் கூடாது"ன்னுட்டாரு மாரப்பன். கேளு அநியாயத்தை! எல்லாரும் பாக்கட்டும்னு அந்தக் 'காலை' ஊர்ப் பலாமரத்துல வெச்சு இறுக்கிக் கட்டிட்டு, டம் டம்னு தானே தமுக்கடிச்சாரு. "வெள்ளச்சி திருடி! கூட்டம் கூடினதும் இவளை மலைக்கே தொரத்திடுவோம்!"

அவ இடுப்புல பால்குடி மறக்காத புள்ள. அதை இங்கயே விட்டுட்டுப் போகணுமாம். சாறு கேட்ட மாமியா வாயைத் தொறந்தாளா? ம்ஹூம்!

ம்... கேக்கறியா? அப்போ மழை புடிச்சுது. சோன்னு ஊத்துது, வாரக்கணக்கா விடவே இல்ல. கூட்டம் தள்ளிக்கிட்டே போச்சு. ஒருவழியா வெயில் வந்ததும், மரத்தடியில எல்லாரும் கூடினாங்க. அண்ணாந்து பாத்தா, ஆட்டுக்கால்ல பச்சைப்பசேல்னு இலை விட்டிருக்கு! கயித்தைத் தாண்டி வேர் விட்டு மரத்தையே புடிச்சுக்கிச்சு.

வெள்ளச்சி புள்ளையோட முன்னால வந்தா. "யாரு வீட்டு ஆட்டுக்காலுங்க இலை விடும்?"

தடவிப் பாத்தவன், மோந்து பாத்தவன் எல்லாம் பின்னால நழுவினாங்க.

"அப்போ என் கெடா எங்க?"ன்னாரு மாரப்பன்.

"அதை அன்னைக்கே தேடியிருக்கணும், மாமா."

"சரி சரி, விடு. மனசுல வெச்சுக்காத, வீட்டுக்குப் போ."

"எப்படிப் போவேன்? திருடின்னு தமுக்கடிச்சுத்தானே சொன்னீங்க? இல்லைன்னும் தமுக்கடிச்சே சொல்லுங்க. தெருத்தெருவா!"

அப்புறம் என்ன, டம் டம் டம். தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனாரு. கடைசித் தெரு வரைக்கும் அவ பின்னாலயே நடந்தா.

தமுக்கு ஓஞ்சுது, ஊரு அடங்குச்சு. புள்ள அவ தோள்லயே தூங்கிடுச்சு. நீயும் தூங்கு.