முறுக்கு மெஷினுக்கு வந்த மானியம்

மொச்சைக்குளத்தில் முட்டாள்கள் மூன்று பேர் என்று நான் சொன்னால், எங்களை ஏன் விட்டாய் என்று மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் முறுக்கு போட்ட மூவரை மட்டும் சொல்கிறேன். மூத்தவன் ஒச்சப்பன், யோசிப்பவன். அடுத்தவன் பூலோகம், பேசுபவன். கடைசி தவசி, மற்ற இருவரும் சொன்னதைச் செய்பவன். கை அச்சில் பிழிந்து அவர்கள் போட்ட முறுக்கு நன்றாகவே இருக்கும். அதை நான் மறுக்க மாட்டேன்.

டவுனில் மிட்டாய்க்கடை வைத்திருக்கும் நாகசுந்தரம் ஒருநாள் அதைத் தின்றுபார்த்தார். "தீபாவளிக்கு மொத்த முறுக்கும் உங்ககிட்டயே எடுத்துக்கிறேன். ஆனா கையால பிழிஞ்சு காணாது. மெஷின் போடுங்கப்பா" என்றார்.

மெஷின் வாங்க மூவருக்கும் வக்கில்லை. அரசாங்கம் மானியத்தோடு கடன் தருகிறது என்று கேள்விப்பட்டு ஆபீசுக்குப் போனார்கள். கிளார்க் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"புதுசா தொழில் தொடங்குறவங்களுக்குத்தான் மானியம். ஏற்கெனவே தொழில் பண்றவங்களுக்குக் கிடையாது."

மூவரும் வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நின்று ஆலோசித்தார்கள்.

"அண்ணே, நாம தொழில் பண்றோமா?" என்று கேட்டான் தவசி.

"முறுக்கு போட்டுக் காசு வாங்குறோம்ல. அதுதான்டா தொழில்" என்றான் ஒச்சப்பன்.

"அப்ப முறுக்கு போடாம இருப்பமா?" என்றான் பூலோகம்.

"போடாட்டி கை மறந்துரும். காசு வாங்காம இருப்போம்."

மறுநாளிலிருந்து முறுக்கு இலவசம். மொச்சைக்குளத்தில் அப்படி ஒரு வியாபாரம் அதற்கு முன் நடந்ததே இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் சாக்கோடு வந்தார்கள். மாவு தீர்ந்தது, எண்ணெய் தீர்ந்தது, தவசி பெண்டாட்டியின் தோடு அடகுக்குப் போனது. தொழில் இல்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

நேர்காணலில் கமிட்டிக்காரர்கள், "முறுக்குத் தொழில்ல அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள்.

"சத்தியமா இல்லைங்க. முறுக்கைக் கண்ணால பாத்ததே இல்ல" என்றான் பூலோகம். அவன் மீசையில் முறுக்குத் தூள் ஒட்டியிருந்தது. கமிட்டி டீ குடித்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை.

அனுபவம் இல்லாதவர்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்தவர் அடுப்புப் பக்கமே போகாதவர். முறுக்கு வட்டமாக இருக்கும் என்று பலகையில் வரைந்து காட்டினார். மூவரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். தவசி மட்டும் எழுந்து, "சுத்தை உள்ளயிருந்து ஆரம்பிக்கணுமா, வெளியயிருந்தா சார்?" என்று கேட்டான். அவருக்கு அது தெரியாது. உடனே சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்.

தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது மெஷின் வந்து சேர்ந்தது. ஓர் அதிகாரி வந்து மெஷினுக்கு மாலை போட்டு, மூவரையும் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார். அதில் ஒரு பிரதியை ஒச்சப்பன் கையில் கொடுத்தார்.

"மானியம் இப்ப பேங்க்லதான் இருக்கும். நான் திடீர்னு ஒருநாள் பாக்க வருவேன். போட்டோவுல இருக்கிற மாதிரியே எல்லாம் இருக்கணும். மாறியிருந்தா மானியம் கிடையாது."

அவர் போனதும் மூவரும் படத்தை ஆராய்ந்தார்கள். ஒச்சப்பன் கையைக் கட்டி, வாயை இறுக மூடியிருந்தான். பூலோகம் ஏதோ பேச வந்தவன் வாயைத் திறந்திருந்தான். தவசி கண்ணை மூடியிருந்தான். ஓரத்தில் ஒச்சப்பன் வீட்டு ஆடு தலையை நீட்டி மாலையைக் கடித்துக்கொண்டிருந்தது.

"படத்துல மெஷின் ஓடுதா?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

"ஓடலைண்ணே."

"அப்ப ஓட்டக் கூடாது."

அன்றிலிருந்து ஆபீஸ் நேரம் முழுக்க மூவரும் மெஷின் பக்கத்தில் அப்படியே நின்றார்கள். பசித்தாலும் நகரவில்லை. சாப்பிடப் போன ஆள் படத்தில் யாரும் இல்லையே.

தீபாவளி நெருங்கியதும் நாகசுந்தரம் வண்டியோடு வந்தார். "முறுக்கு எங்கப்பா?"

ஒச்சப்பன் வாயைத் திறக்கவில்லை. பூலோகத்தின் வாய் திறந்திருந்தது, ஆனால் மூடாமல் எப்படிப் பேசுவது? "ஆ" என்றான். வந்தது அதிகாரிதானோ என்று பயந்து தவசி கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டான். நாகசுந்தரம் மூன்று முகங்களையும் பார்த்தார், சும்மா நிற்கும் மெஷினைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டு வண்டியைப் பக்கத்து ஊருக்குத் திருப்பினார். எந்த ஆர்டருக்காக இவ்வளவு பாடுபட்டார்களோ அது அந்த வண்டியிலேயே போய்விட்டது. ஒச்சப்பனுக்கு அழுகை வந்தது. கை கட்டியிருந்ததால் துடைக்க முடியவில்லை. எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

தீபாவளி முடிந்த வாரத்தில் அதிகாரி வந்தார். படத்தைக் கையில் பிடித்து ஒவ்வொரு முகமாகச் சரிபார்த்தார். மாலைகூடப் புதியது. ஆடு கடித்த இடத்தைத் தவசியே கடித்து வைத்திருந்தான். முறுக்கு போட்டீர்களா என்று அவர் கேட்கவில்லை. அவர் கொண்டுவந்த தாளில் அந்தக் கேள்வி இல்லை. எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் நெற்றியைச் சுருக்கினார்.

"ஆடு எங்கப்பா?"

"தீபாவளிக்கு அறுத்துட்டோம் சார்" என்றான் ஒச்சப்பன்.

"அப்ப ஆடு குறையுது. ஆட்டை நிப்பாட்டிட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் மானியம் கிடையாது."

மறுநாள் மூவரும் பழைய கிளார்க் முன்னால் போய் நின்றார்கள். "சார், ஆடு வாங்க மானியம் இருக்கா?"

"இருக்கு. புதுசா ஆடு வளக்குறவங்களுக்குத்தான்."

இந்தத் தடவை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போக வேண்டிய அவசியமே வரவில்லை. ஒச்சப்பன் தவசியை முன்னால் தள்ளினான். "இவனுக்குத்தான் சார். ஆட்டைக் கண்ணால பாத்ததே இல்ல."

"அதுக்கு அத்தாட்சி?"

ஒச்சப்பன் போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தான். "நீங்களே பாருங்க. ஆடு பக்கத்துல வந்து நிக்கிறப்பகூட இவன் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருக்கான்."

கிளார்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். மூடித்தான் இருந்தது. சீல் வைத்தார்.