ஐந்து இருபது வண்டி

சென்னைக்குத் தென்மேற்கே, நகரம் முடிந்துவிட்டதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஓரிடத்தில் வெள்ளேரி தொழிற்பூங்கா இருக்கிறது. அங்கே கைப்பேசி உதிரிபாகம் செய்துவந்த ஆலை ஒன்றை ஒரு வியாழக்கிழமை மூடினார்கள். வாயிற்கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். ஆயிரத்து நூறு பேருக்கு வேலை போயிற்று. பெரும்பாலும் பெண்கள்.

அரும்பூரிலிருந்து காலை ஐந்து இருபதுக்குப் புறப்படும் அரசு நகரப் பேருந்து ஒன்பது ஊர்களில் நின்று அந்தப் பூங்காவுக்குப் போகும். அந்த ஊர்களுக்கு அந்த நேரத்தில் வேறு வண்டி கிடையாது. புதன்கிழமை வரை அதில் நிற்க இடமிருக்கவில்லை. திங்கட்கிழமை ஏழு பேர் ஏறினார்கள்.

ஆளில்லாத வண்டிக்கு ஒரு விதி உண்டு. தொடர்ந்து முப்பது நாள் இருபது பேருக்குக் குறைவாக ஏறினால் அந்த வண்டியை நெரிசலான தடத்துக்கு மாற்றிவிட வேண்டும். போக்குவரத்துக் கழகத் தலைமையகத்தில் இருந்த திருவேங்கடம் என்ற அதிகாரி வகுத்த விதி அது. அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. கொளப்பட்டுத் தடத்தில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் படியில் தொங்கிக்கொண்டு போவதைப் பற்றி வாரம் ஒரு மனுவாவது அவர் மேசைக்கு வரும். புது வண்டி வாங்க வழியில்லை. இருக்கிற வண்டியைத்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

அரும்பூர் பணிமனையின் கிளை மேலாளர் தணிகாசலம், ஆலை மூடிய மறுவாரமே தலைமையகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இனி இந்த வண்டி காலியாகத்தான் ஓடும். வேறு வேலை தேடிக்கொள்ளும் வரை இந்தப் பெண்களுக்காக விதியை மூன்று மாதம் தள்ளிவையுங்கள். அவசரத்துக்கென்று நிறுத்தி வைத்திருக்கும் வண்டிகளில் ஒன்றைக் கொளப்பட்டுக்குக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். பதில் வரவில்லை.

வண்டியின் நடத்துநர் ஜெசிந்தா. பத்தொன்பது வருட சர்வீஸ். அந்த ஏழு பேரில் நதியா என்றொரு பெண், முப்பத்தாறு வயது, தினமும் வந்து பூங்காவில் ஒவ்வொரு வாயிலாக ஏறி இறங்கி வேலை கேட்டுவிட்டுத் திரும்புவாள். ஒருநாள் அவள் சொன்னாள்:

"வண்டி இருக்கிறதால வீட்ல விடறாங்கக்கா. இது நின்னுச்சுன்னா, போதும் உக்காருன்னுடுவாங்க."

அன்றிலிருந்து ஜெசிந்தா ஏறாத பெண்களுக்கும் டிக்கெட் போட ஆரம்பித்தாள். பெண்களுக்குக் கட்டணமில்லாத வண்டி என்பதால் அவள் பையில் காசு குறையவும் இல்லை, கூடவும் இல்லை. ஏழு பேர் போன வண்டியில் இருபத்தைந்து பேர் போனதாகப் பதிவானது.

ஒன்றரை மாதம் கழித்துத் தணிகாசலத்துக்குப் பதில் வந்தது. வண்டியில் தினமும் இருபத்தைந்து பேர் போகிறார்கள், ஆலை மூடியதால் பாதிப்பு எதுவும் தெரியவில்லை, விதியைத் தள்ளிவைக்கவோ வேறு வண்டி தரவோ அவசியமில்லை என்று திருவேங்கடம் எழுதியிருந்தார்.

மறுநாள் விடியற்காலை தணிகாசலம் தானே போய்ப் பூங்கா நிறுத்தத்தில் நின்று, இறங்கியவர்களை எண்ணினார். பதினொரு பேர். வண்டி திரும்பியதும் ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நான்தான் சார் போட்டேன்," என்றாள்.

மேலே எழுதினால் அவளுக்கு வேலை போகும், அன்றே வண்டியும் போகும். எழுதாவிட்டால் கொளப்பட்டுக்கு எதுவும் வராது. டூட்டிக்கு நேரமாகிறது, போம்மா என்றார். தலைமையகத்திலிருந்து வந்த பதிலை மேசைக்குள் வைத்துவிட்டார்.

மூன்று வாரம் போயிற்று. அதற்குள் ஒருத்திக்கு மருந்துப் பொட்டலம் கட்டும் இடத்தில், ஒருத்திக்கு மருத்துவமனைச் சலவையகத்தில், நான்கு பேருக்கு ஒரு பெரிய சமையற்கூடத்தில் என்று வேலை கிடைத்துக்கொண்டே வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களையும் அவர்கள் அழைத்து வந்தார்கள். நதியாவுக்கும் கிடைத்தது, பழைய சம்பளத்தில் முக்கால் பங்குக்கு. ஜெசிந்தா பொய் டிக்கெட்டை நிறுத்தினாள். உண்மையாகவே இருபத்தாறு பேர் வந்தார்கள்.

அதே வாரம் கொளப்பட்டு வண்டியின் படியிலிருந்து ஏகாம்பரம் என்ற கொத்தனார் விழுந்தார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

கொளப்பட்டுக்கு ஏன் வண்டி கூட்டவில்லை என்று நடந்த விசாரணையில் எல்லாம் வெளிவந்தது. மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். தன்னிடம் வந்த எண்ணிக்கையே பொய்யாக இருக்கும்போது தான் எப்படிச் சரியாகப் பிரித்துக் கொடுப்பது என்று திருவேங்கடம் கேட்டார். தணிகாசலம் தன் கடிதத்தின் நகலை எடுத்து வைத்தார். ஜெசிந்தா மட்டும் ஏகாம்பரத்துக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தாள். யாருக்கும் தெரியவில்லை.

விதிப்படி நடந்த திருவேங்கடமா, கேட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு வாய் மூடிய தணிகாசலமா, பொய் சொல்லி வண்டியைக் காப்பாற்றிய ஜெசிந்தாவா? நியாயம் யார் பக்கம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

என் விடை இது. கடிதம் எழுதிய அன்று தணிகாசலம் செய்தது சரி. இரண்டு தடத்துக்கும் சேர்த்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். உண்மை தெரிந்த பிறகு அதை மேசைக்குள் வைத்தபோது அந்த நியாயம் அவரை விட்டுப் போயிற்று. வேலை போனவளுக்கு முப்பது நாள் போதாது என்பதை ஜெசிந்தா சரியாகவே அறிந்திருந்தாள். ஆனால் காலி இருக்கைகளை மறைத்ததில், உதவி செய்யக்கூடியவரின் கண்ணையும் மறைத்துவிட்டாள். திருவேங்கடத்தின் விதி நல்ல நாளுக்கு எழுதியது. ஆலை மூடிய நாளில் ஒருமுறை நேரில் வந்து பார்த்திருந்தால் அவருக்கு அது தெரிந்திருக்கும். ஜெசிந்தாவை ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஆலை மூடிய இடங்களில் ஆறு மாதத்துக்கு வண்டியைத் தொடக்கூடாது என்று விதியைத் திருத்தினார்கள். கொளப்பட்டுக்கு இன்னொரு வண்டியும் வந்தது. அதில் ஏற ஏகாம்பரத்தால் முடியவில்லை. படி உயரம்.