எருமை யாரைத் தேடுகிறது

தாய் எருமை உதைத்த உதையில் பால் கறக்கும் மூங்கில் குழாய் சரிவில் உருண்டு ஓடியது. கெப்பி அதைப் பிடிக்க ஓடவில்லை. அதில் ஒரு சொட்டுப் பால்கூட இல்லை.

அந்தக் காலத்தில் மலை எருமைகள் பேசும்.

"நீ யாரு?" என்று கேட்டது எருமை.

"கெப்பி. பெள்ளனோட மக."

"பெள்ளன் எங்கே? நேத்துகூட வந்தானே."

பெள்ளன் இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அத்தனை நாளும் அப்பாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கெப்பிதான் கறந்தாள். நேற்று மாலை, இறந்தவர் துணியை அழுக்காக வைத்திருக்கக் கூடாதென்று நினைத்து, அதை ஓடையில் அலசிவிட்டாள்.

"நேத்தும் நான்தான் கறந்தேன்."

"அப்போ நேத்து நீ பெள்ளனா இருந்தியா?"

கெப்பி கம்பளியைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தம்பி ஜோகன் குழாயை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தான். "பெரிய சுத்தக்காரி! துவைக்கச் சொல்லி யாரு அழுதா?" என்றான். பிறகு அவள் காதருகே குனிந்தான். "மடி கல்லாயிருச்சு அக்கா. இது வெறுத்துப்போய்க் காட்டுக்குள்ள நுழைஞ்சா, மந்தைல இருக்கிற முப்பதும் பின்னாலயே போயிரும். அப்புறம் நாம கீழ இறங்கி எவன் வீட்லயோ விறகு பிளக்க வேண்டியதுதான். அப்பா வருவாருன்னு சொல்லிடேன்."

"பொய் சொல்லவா?"

"இத்தனை நாளா வந்தாருன்னு அதுதானே சொல்லுது."

தோளில் கிடந்த கம்பளி இன்னும் ஈரமாக இருந்தது. கெப்பி அதை மோந்து பார்த்தாள். ஓடைத் தண்ணீரின் வாசனைதான் வந்தது. அப்படியானால் நேற்றுவரை இதற்குள் இருந்தது யார்? எருமை காத்திருந்தது.

"வருவார்," என்றாள்.

எருமை அவள் கையை முகர்ந்தது. பிறகு அவள் தோளுக்கு மேலாகப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பால் இறங்கியது. அதற்குப் பின் அது எதுவும் கேட்கவில்லை. வேறெந்த எருமையும் மனிதரிடம் வாய் திறக்கவில்லை.

அந்தக் காலையிலிருந்துதான் அந்த மலை எருமைகள், கறக்க வருபவரை முகர்ந்துவிட்டு அவருக்குப் பின்னால் யாரையோ பார்க்கின்றன. கீழே ஊரில் படித்து முடித்து, பைக்கில் மலையேறி வந்து மந்தையை ஏற்றுக்கொண்ட பிள்ளைகள் இப்போது எவர்சில்வர் தூக்குகளோடு கறக்கக் குந்துகிறார்கள். குந்தும்போது, பாதை தெரியும்படி கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.