ஒரே அடியில் பால்

மணலூர் ராஜா கடம்பவீரருக்குப் பொறுமை கிடையாது. எனக்கும் கிடையாது. நேராகக் கதைக்கு வருகிறேன்.

அரண்மனைத் தொழுவத்தில் பெரிய மந்தை. தினமும் காலையில் ஒரு சேவகன் அங்கே போய் நிற்பான். "ராஜாதிராஜ, ராஜகம்பீர, மணலூர் மார்த்தாண்ட, கடம்பவீர மகாராஜாவின் ஆணை! கன்றை அவிழ்த்து விடுக!" என்பான். திரும்பி வருவான். மறுபடி போவான். "ராஜாதிராஜ..." என்று முதலிலிருந்து ஆரம்பித்து, "பாலைக் கறந்திடுக!" என்பான். ராஜாவின் வெள்ளிக் கிண்ணத்துக்குப் பால் வருவதற்குள் உச்சி வெயில் வந்துவிடும்.

"இதைச் சுருக்க ஒருத்தன் இல்லையா?" என்று கத்தினார் ராஜா.

நல்லாண்டி இருந்தான். சபையில் வாயாலேயே பிழைக்கிறவன். தொழுவத்து வாசலில் ஒரு வெண்கல மணியைக் கட்டினான். ஒரு அடி என்றால் கன்றை அவிழ்க்க வேண்டும். இரண்டு அடி என்றால் கன்றை இழுத்துத் தாயின் முகத்துக்கு நேரே கட்டிவிட்டுக் கறக்க வேண்டும். தாய் கன்றை நக்கும், பால் தானாக இறங்கும். மூன்று அடி என்றால் மேய்ச்சல். அவ்வளவுதான். மாடுகளும் மணிக்குப் பழகிக்கொண்டன. மூன்றாவது அடி விழுந்ததுமே வாசலைப் பார்த்துத் திரும்பிவிடும். ராஜாவுக்கு விடிந்ததும் பால்.

மந்திரி வேதாசலத்துக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா, தங்களுக்கு முக்கியம் பாலா, கன்றா?"

"பால்தான்."

"அப்படியிருக்கக் கன்றுக்கு ஒரு அடி, தங்கள் பாலுக்கு இரண்டு அடியா? நல்லாண்டி தங்களை இரண்டாவதாக அல்லவா வைத்திருக்கிறான்!"

ராஜாவின் மீசை துடித்தது. அன்றைக்கே சட்டம் மாறியது. ஒரு அடிக்குப் பால், இரண்டுக்கு மேய்ச்சல், மூன்றுக்குக் கன்று. நாலு வீதியிலும் தண்டோரா போட்டார்கள்.

மறுநாள் ஒரு அடி விழுந்தது. ஆட்கள் செம்போடு உட்கார்ந்தார்கள். மாடுகள் கன்றைத் தேடிக் கத்தின. மடியில் ஒரு சொட்டு இறங்கவில்லை. இரண்டு அடி விழுந்தது. வாசலைத் திறந்தார்கள். ஒரு மாடும் நகரவில்லை. மூன்று அடி விழுந்தது. கன்றுகளை அவிழ்த்தார்கள். மாடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பிவிட்டன, திறந்த வாசல் வழியாக, ராஜாவின் நந்தவனத்துக்குள். மல்லிகையைத் தாய்கள் தின்றன. பாலைக் கன்றுகள் குடித்தன. வெள்ளிக் கிண்ணம் காலி.

தொழுவத்துக்குப் பொறுப்பு மாயழகுக் கோனார். அவரைப் பிடித்து வந்து நிறுத்தினார்கள்.

"ராஜதுரோகம்!" என்றார் மந்திரி. "மாடுகளைத் தூண்டிவிட்டிருக்கிறான்."

"எனக்குப் புரிஞ்சுது சாமி. மாட்டுக்குத்தான் புரியல."

"நாளைக் காலை ஒரே அடியில் பால் வர வேண்டும்" என்றார் ராஜா. "கன்று அவிழ்க்கக் கூடாது. இன்னொரு அடி அடிக்கக் கூடாது. வராவிட்டால் நீ குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போ."

கோனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்லாண்டி எழுந்தான்.

"மகாராஜா, தண்டோரா கேட்காதவனைத் தண்டிப்பதில்லை என்பது நம் நாட்டு வழக்கம்."

"ஆமாம்."

"புதுச் சட்டப்படி நடக்க வேண்டியது மாடு. தொழுவத்தில் தண்டோரா போட்டார்களா?"

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "சரி. நாளைக்குப் போடு."

"நானா? சட்டம் செய்தவர் வாயால் கேட்டால்தானே மரியாதை! மந்திரியார் வந்து சொல்லட்டும். அவருக்குச் சால்வை போர்த்தி அழைக்கிறேன்."

சால்வை என்றதும் மந்திரிக்கு முகமெல்லாம் பல். "வருகிறேன்" என்றார்.

விடிந்தது. ராஜா தொழுவத்துக்கே வந்துவிட்டார். நல்லாண்டி பட்டுச் சால்வையை மந்திரியின் தலையிலிருந்து தோள்வரை போர்த்தினான்.

"என்னடா இது, ஒரு மாதிரி வாடை?"

"பழைய பட்டு, மந்திரியாரே. இப்படிச் செவலைப் பசுவின் முகத்துக்கு நேரே நில்லுங்கள். குனிந்து சொல்லுங்கள். அதற்குக் காது மந்தம்."

மந்திரி குனிந்தார். மணியில் ஒரு அடி விழுந்தது.

"ராஜாதிராஜ, ராஜகம்பீர..."

செவலை மூக்கை நீட்டி முகர்ந்தது. பிறகு ஒரு நக்கு. மந்திரியின் கன்னத்தில் சாணை பிடித்தமாதிரி இருந்தது.

"ஐயோ! மார்த்தாண்ட... ஏய், விடு!"

"நகராதீர்கள் மந்திரியாரே, ஆணை பாதியில் நிற்கிறது!"

செவலை காதை நக்கியது. சால்வையை விலக்கி மொட்டைத் தலையை நக்கியது. கோனார் சட்டென்று செம்போடு உட்கார்ந்தார். சர்ர், சர்ர் என்று பால் இறங்கியது. செம்பு நுரை தள்ளியது.

ராஜா துள்ளினார். "ஒரே அடியில் பால்! கன்றும் இல்லை! எப்படியடா?"

"ராத்திரி முழுக்க அந்தச் சால்வையில் செவலையின் கன்று படுத்திருந்தது, மகாராஜா. மந்திரியாரின் சட்டம் அருமையான சட்டம். மாற்றவே வேண்டாம். தினமும் காலையில் அவர் வந்து ஒவ்வொரு மாட்டின் முன்னும் இப்படி நின்றால் போதும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மந்திரி எச்சில் வழிய ஓடிவந்து காலில் விழுந்தார்.

"மகாராஜா! கன்றே முதலில் இருக்கட்டும்!"

பழைய மணி திரும்பியது. கோனார் ஊரிலேயே இருந்தார். நல்லாண்டிக்குச் செவலையே பரிசு, கன்றோடு.

மறுநாள் விடியலில் மணி ஒரு அடி அடித்தது. தொழுவத்தில் கன்றுகள் தாயிடம் ஓடின. சபையில் மந்திரி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார்.