கொம்பையா கட்டிய கழிப்பறை

சீங்கைக் காட்டில் கொம்பையா என்ற முயலும் அதன் மனைவி பேச்சியும் வாழ்ந்து வந்தன. பேச்சி நிறைமாதக் கர்ப்பிணி. காலைக்கடனுக்குப் புதர்ப் பக்கம் போனால் அங்கே காட்டுப்பூனை பதுங்கியிருக்கும். பயத்தில் பேச்சி பாதி நாள் அடக்கிக்கொண்டே கிடக்கும், பாவம்.

"நம்ம வளை வாசல்லயே உனக்கு ஒரு கழிப்பறை கட்டித் தர்றேன் புள்ள!" என்றது கொம்பையா.

சொன்னபடியே தன் கையால் கட்டியது. மூங்கில் சுவர், ஈச்சோலைக் கூரை, முள் வைத்த கதவு. பூனையின் நகம்கூட நுழையாது. அதோடு நிறுத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அந்தப் பக்கம் வந்த மைனா, "அடேயப்பா! அரண்மனை தோத்துச்சு போ!" என்றது. அவ்வளவுதான், பேரில் இருந்த கொம்பு தலையிலும் முளைத்துவிட்டது. கொம்பையா சுவரெல்லாம் குன்றிமணி பதித்தது. கூரையில் மயிலிறகு செருகியது. வாசலில் தோரணம் கட்டியது.

"ஏங்க, இனி உள்ள போகலாமா?" என்று கேட்டது பேச்சி.

"பொறு புள்ள! நம்ம காட்டுப் பெரியவர் யானையார் வந்து திறந்து வைக்கட்டும். அதுக்குள்ள அழுக்காக்கிடாதே!"

யானையாரோ தண்ணீர் தேடி மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். கொம்பையா கதவைக் கொடியால் இறுகக் கட்டியது. காடே வந்து வேடிக்கை பார்த்தது. பேச்சி மட்டும் பழையபடி புதருக்குப் போய் வந்தது.

ஒரு விடியலில் பேச்சிக்கு வயிற்றைக் கலக்கியது.

"முடியலைங்க! இந்த ஒரு தடவை அவுத்து விடுங்க!"

"தரையில நேத்துதான் ஆத்து மணல் பரப்பினேன். புதருக்கு ஓடிப் போயிட்டு வந்துடு, கண்ணு!"

நிறைவயிற்றோடு எப்படி ஓடுவது? புதர் அசைந்தது. ஒரு அலறல் கேட்டது. கொம்பையா பாய்ந்து போய்ப் பார்த்தபோது புல்லில் கொஞ்சம் ரோமம்தான் கிடந்தது.

மழை பெய்த பிறகு யானையார் திரும்பி வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. தோரணத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்ப்பா, நான் நுழையிற வாசலா இது? உன் வீட்டுக்காரியைக் கூப்பிடு! அவதான் இதைத் திறக்கணும்!"

கொம்பையா கொடியைப் பல்லால் கடித்து அறுத்தது. கதவு திறந்தது. உள்ளே மணலில் ஒரு காலடிகூட இல்லை. அந்த மணலில் விழுந்து கொம்பையா கதறியது.

ஒருவர் உயிரைக் காக்கக் கட்டியதை ஊர் மெச்சுவதற்காகப் பூட்டி வைத்தால், கட்டியது மட்டுமே மிஞ்சும்.