ஆயிரம் முடிச்சுக் கறுப்புச் சேலை

முன்னொரு காலத்திலே, உலகத்துக்கே ஒரே ஒரு படப்பெட்டி மட்டும் இருந்த காலத்திலே, பகட்டூர் என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த ராஜ்ஜியத்து ராஜாவுக்கு உடைப் பைத்தியம். காலையில் உடுத்தியதை மதியம் உடுத்த மாட்டார். மதியம் உடுத்தியதை மாலையில் உடுத்த மாட்டார்.

அங்கே தேனாச்சி, பிச்சி என்று அக்கா தங்கை இருவர் சுங்குடிச் சேலை செய்து பிழைத்தார்கள். அக்கா வெள்ளைத் துணியை நகத்தால் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிச்சுப் போடுவாள். தங்கை சாயத்தில் முக்குவாள். காய்ந்தபின் முடிச்சைப் பிரித்தால், கட்டின இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி.

"முடிச்சுக்குள்ளே சாயம் போகாது. கட்டுறப்போ என்ன இருந்துச்சோ, அதுதான் உள்ளே இருக்கும்" என்பாள் பிச்சி.

சேலையை முடிச்சோடுதான் விற்பார்கள். எடுத்துக்கொள்கிறவர் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும், முடிச்சுக் கட்டினவள் மறுமுனையை. இழுத்தால் பட், பட், பட்டென்று முடிச்சுகள் தெறிக்கும். அது அவர்கள் வழக்கம்.

ஒருநாள் நிழல்பிடாரன் என்ற மந்திரவாதி வந்தான். தோளில் அந்தக் கறுப்புப் படப்பெட்டி. வாசலில் பிச்சி சிவப்புச் சுங்குடி கட்டி நின்றாள்.

"அடடா, என்ன டிசைன்! அசையாம நில்லு, பொண்ணு."

"எதுக்குங்க?"

"உலகமே உன்னைப் பார்க்கப் போகுது."

பிச்சி சிரித்துக்கொண்டே நின்றாள். பெட்டி கண்ணைத் திறந்தது. பளிச்! கண்ணை மூடியது.

சேலை வெளுத்துப்போனது. புள்ளி இல்லை, சிவப்பு இல்லை. பிச்சியின் உதடும் வெளுத்தது. "பிச்சி! ஏ பிச்சி!" என்று அக்கா கத்தினாள். பிச்சி திரும்பவே இல்லை. பெட்டிக்குப் பின்னால் நடந்து போய்விட்டாள்.

தேனாச்சி ராஜாவிடம் ஓடினாள். ராஜா சிவப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த புது அங்கியில் இருந்தார்.

"மகாராஜா, நீங்க போட்டிருக்கிறது என் தங்கச்சி சேலை."

"யாரும்மா உன் தங்கச்சி? இது நிழல்பிடாரன் டிசைன்" என்றார் ராஜா. சபை சிரித்தது.

அடுத்து, சாயக் குடத்தைச் சுமந்துகொண்டு மந்திரவாதியின் மாளிகைக்குப் போனாள். முற்றத்தில் பல தேசத்து மனிதர்கள் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கிமோனோ என்கிற நீளக்கை அங்கி, ஆப்பிரிக்காவின் கென்டே அங்கி, தூர மலைநாட்டுக் கம்பளிப் போர்வை. தைத்த விதம் வேறு வேறு. நிறம் மட்டும் ஒன்று: வெள்ளை. பிச்சியும் அங்கே இருந்தாள். தேனாச்சி அவள் சேலையில் சாயம் ஊற்றினாள். ஒரு சொட்டுகூட ஒட்டாமல் தரையில் ஓடியது.

"வீண் வேலை. நானும் ஊற்றிப் பார்த்தேன்" என்றாள் கிமோனோக்காரி ஹிசாயோ. பேச்சு மட்டும் அவளிடம் இன்னும் மிச்சம் இருந்தது. "அந்தப் பெட்டிக்குள் ஒரு துளி வெயில் புகுந்தால் போதும், பிடித்ததெல்லாம் வெளியே வந்துவிடும். ஆனால் கண்ணைத் திறந்தாலும் அது நிறத்தை மட்டும்தான் விழுங்கும், வெயிலை உள்ளே விடாது. கல்லால் அடித்தோம். கோடரியால் வெட்டினோம். கீறல்கூட விழவில்லை."

"அப்போ என்ன செய்றது?"

"உட்கார்ந்திரு. வேறென்ன?"

தேனாச்சி உட்கார்ந்தாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவளிடம் திட்டம் எதுவும் இல்லை. நம்பிக்கையும் இல்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, உச்சி வெயிலில், தங்கையின் முகத்தைப் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்டாள். மூன்று நாளில் ஆயிரம் முடிச்சு. நகம் பிளந்தது. பிறகு அதைத் துக்கத்துக்கென்று கறுப்புச் சாயத்தில் முக்கிக் காயவைத்து, மந்திரவாதியிடம் எடுத்துப் போனாள்.

"என்னையும் எடுத்துக்குங்க. அவ பக்கத்துல உட்கார இடம் கொடுத்தா போதும்."

"என்ன இது, மிளகு மூட்டை மாதிரி? பிரிச்சுக் கட்டிக்கிட்டு வா!"

"எடுத்துக்கிறவர்தான் பிரிக்கணும். எங்க வழக்கம்."

"வழக்கமாம்! சரி, பெட்டியே, நீயே இழு!"

பெட்டி வாயைத் திறந்து ஒரு முனையைக் கவ்வியது. மறுமுனையைத் தேனாச்சி பிடித்தாள். வீரத்தால் அல்ல, பழக்கத்தால்.

முதல் இழுப்பில் நூறு முடிச்சு தெறித்தது. இரண்டாம் இழுப்பில் ஐந்நூறு. மூன்றாம் இழுப்பில் சேலை முழுக்கப் பெட்டிக்குள் போனது, தேனாச்சியின் கைப்பிடியில் இருந்த ஒரு சாண் தவிர.

முடிச்சுக்குள்ளே சாயம் போகாது. கட்டும்போது இருந்தது உச்சி வெயில். இருட்டுப் பெட்டிக்குள்ளே பட், பட், பட்டென்று வெயில் தெறித்தது!

"மூடு! மூடு!" என்று அலறினான் நிழல்பிடாரன். பெட்டி வெடித்தது. பூக்களும் கொக்குகளும் கட்டங்களும் பறந்து வெளியே வந்து, அவரவர் துணியில் ஒட்டிக்கொண்டன. அந்த வெளிச்சத்தில் மந்திரவாதியின் முகம் கறுத்தது, தலைமுடி வெளுத்தது. தகடு போலத் தட்டையாகி, காற்றில் போய்விட்டான். சபையில் ராஜாவின் அங்கி வெறும் வெள்ளையானது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

எல்லாரும் எழுந்தார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் கடைசி வரிசையில், நெடுநாள் காத்திருந்த பதினோரு பேரின் துணிகளில் நிறம் வந்தது, அவர்கள் எழவில்லை. ஹிசாயோ ஒவ்வொரு துணியாக மடித்து, அவரவர் தேசத்துக்குக் கொண்டுபோனாள்.

பிச்சி கண்ணைத் தேய்த்தாள். "யாருக்குக்கா இந்தக் கறுப்புச் சேலை?"

"உனக்குத்தான்டி. துக்கத்துக்குக் கட்டினேன்."

"துக்கத்துக்கா இவ்வளவு புள்ளி?"

தேனாச்சி கையை விரித்தாள். ஒரே ஒரு முடிச்சு பிரியாமல் இருந்தது. எடுத்துக்கொள்கிறவள் ஒரு முனை, கட்டினவள் மறுமுனை. இழுத்தார்கள். பட்! பிச்சியின் உள்ளங்கையில் ஒரு பொட்டு வெயில் விழுந்தது.

அது ஆறும் முன்னே அக்காவும் தங்கையும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். கதையும் அவர்களோடு போய்விட்டது.