ஏழாவது அடி

கர்ர்... கர்ர்...

கல்லுக்கும் காது இருந்த காலத்தில், இருட்டியபின் ஒரு வீட்டு வாசலில் இப்படியொரு சத்தம் கேட்டது. மந்திரவாதி கோரண்டன் கத்தி தீட்டுகிறான் என்று உள்ளே தேமொழி நடுங்கினாள்.

அன்று காலைதான் அவளுக்குக் கல்யாணம். அவள் அரசனின் குதிரைக்காரர் மகள், மாப்பிள்ளை நன்மாறன். அக்கினி சாட்சியாகக் கைபிடித்து ஆறடி நடந்தார்கள். ஏழாவது அடி எடுப்பதற்குள் கோரண்டன் பந்தலுக்குள் வந்து ஒரு சொல் சொன்னான். நன்மாறன் கல்லாகிப்போனான்.

"ஆறடி நடந்தவள் மனைவி இல்லை. மணம் எட்டு வகை. நாளுக்கு ஒரு வகையாக வருவேன். ஏதாவது ஒன்றில் இவள் எனக்கு வாய்ப்பாள்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கல்லை யாராலும் அசைக்க முடியவில்லை. தேமொழி கல்யாண நெருப்பை மண்சட்டியில் அள்ளி உள்ளே கொண்டுபோனாள். அதை அணையவிடவில்லை. "இன்னும் ஓர் அடிதான்," என்றாள்.

கதவைச் சாத்தினால் போதாதா என்கிறீர்களா? கோரண்டன் விரல் பட்டால் எந்தத் தாழும் கழன்று விழும். ஏழடி நடந்தவர்கள் வீட்டுத் தாழ் மட்டும்தான் அவனுக்கு அசையாது.

மறுநாள் மாலை பொன்மூட்டையோடு வந்தான். "மாமா, இது பெண்ணுக்கு விலை. அசுர மணம்."

"குதிரைக்குத்தான் எனக்கு விலை பேசத் தெரியும், ஐயா," என்றார் அப்பா. மூட்டை திரும்பிப் போனது. இரவில் மறுபடியும் கர்ர்... கர்ர்...

"இன்னும் ஓர் அடிதான்," என்றாள் தேமொழி.

அடுத்த மாலை கோரண்டன் நன்மாறன் உருவத்திலேயே வந்தான். "தேமொழி, நான்தான். அக்கினி வேண்டாம், அப்பா வேண்டாம், ஆசை போதும். கந்தருவ மணம்."

அவள் மனம் தடுமாறியது. ஆனாலும் கேட்டாள்: "ஆறாவது அடியில் என் காதில் என்ன சொன்னீங்க?"

"உயிரே, உன்னைப் பிரியேன் என்றேன்."

தேமொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பார்த்து நட, கொசுவம் தடுக்குதுன்னு சொன்னார் அவர். நீ போகலாம்."

விடிந்ததும் வாசலைப் பார்த்தாள். பந்தல் நடுவில் நின்ற கல், வாசற்படிக்குக் கிட்டே நின்றது. அது வந்த வழியெல்லாம் தரையில் வெள்ளைக் கீறல். யாரும் கத்தி தீட்டவில்லை. இருட்டில் அவர்தான் நடந்திருக்கிறார், இத்தனை கனத்தோடு.

மூன்றாம் மாலை கோரண்டன் கறுப்புக் குதிரையில் வந்தான். "இன்று ராக்கதம். தூக்கிக்கொண்டு போவதும் மணம்தான்."

தேமொழி கதவை அகலத் திறந்தாள். நெருப்புச் சட்டியை நிலைப்படி ஓரம் வைத்தாள். வெளியே வந்து கல்லை அணைத்துக்கொண்டாள். கோரண்டன் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தான்.

"இழு," என்றாள் அவள். "ஓர் அடியை ரெண்டு பேர் சேர்ந்து எடுத்தாத்தான் கல்யாணம். இவர் பாதியை எடுத்துட்டார்." கல்லின் காதில் சொன்னாள்: "ஏழாவது அடி நட்புக்கு. நீங்க என் தோழர், நான் உங்க தோழி. வாங்க."

கர்ர்...

நிலைப்படியை இருவரும் ஒன்றாகத் தாண்டினார்கள். அவள் கைக்குள் கல் சூடானது, மூச்சு விட்டது. கூந்தலைப் பிடித்த கை தானாக விட்டுப்போனது.

"கொசுவம் தடுக்கலையே?" என்றான் நன்மாறன்.

தேமொழி முதலில் திரும்பி நின்று கதவைச் சாத்தினாள். வெளியே கோரண்டனின் விரல்கள் மரத்தில் ஊர்ந்தன. அவள் தாழ்ப்பாளைப் போட்டாள். அது அசையவில்லை.